குங்குமப்பூப் பாலும் உன் காலை மாத்திரையும்

என் கன்னியம்மா அக்காவுக்கு, உன் முனியன் சொல்லிக்கொள்வது.

அத்தி வரதர் குளத்தை விட்டு வெளியே வந்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். செவிலிமேட்டிலிருந்து எங்கே போவதானாலும் நடைதான். ஊரே வேர்த்துக் கொட்டியது. நீ மட்டும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மூலையில் சுருண்டு கிடந்தாய்.

முகம் ஊதி, குரல் தடித்துப் போயிருந்தது. தறியில் பழைய பாவு நூலின் முனையோடு புதுப் பாவு நூலை இழை இழையாக முடிச்சுப் போடுவதில் உன் விரலுக்கு ஈடு இல்லை என்பார்கள். அந்த நீ உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தாய். “இன்னாம்மா கன்னியம்மா, வேலைக்கு வந்தியா, தூங்க வந்தியா?” என்று தறிக்கார வீட்டம்மா கேட்டதற்கு அன்று பூராவும் அழுதாய். வயசாகிவிட்டது என்று நாங்களும்தான் சொன்னோம்.

பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துத் தைராய்டு என்றார்கள். கழுத்திலிருக்கும் சுரப்பி சுரக்கவில்லை, அது தரவேண்டியதை இனி மாத்திரைதான் தரும் என்று டாக்டரம்மா விளக்கினார். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டாய். உசுரு இருக்கிற வரைக்கும் என்றார்.

“கட்டிக்கினவரே அவ்ளோ நாளு கூட வரல. இந்த மாத்திர வருதா?” என்றாய். டாக்டரம்மாவே சிரித்துவிட்டார்.

உடனே எழுந்துவிடவில்லை நீ. வரதர் படுத்திருந்தது போதுமென்று எழுந்து நின்றார், நீ எழவில்லை. அவர் திரும்பக் குளத்துக்குள் போன பிறகுதான் மெல்ல மெல்ல உன் முகம் வற்றியது. “அவரு நாப்பது வருசத்துக்கு ஒருக்கா எழுந்தா போதும்டா. நான் தெனம் எழுந்தாவணும்” என்று துடைப்பத்தை எடுத்தாயே, அன்றைக்குத்தான் என் அக்கா திரும்பி வந்தாள்.

அதற்கப்புறம் ஒருநாள் நீயே டாக்டரம்மாவிடம் கேட்டாய். “எனக்கு முத ரெண்டும் வவுத்துலயே போச்சும்மா. அப்பவே இந்த மாத்திர போட்டிருந்தா தங்கியிருக்குமா?” இப்போது எப்படியம்மா சொல்வது என்றார் அவர்.

விடிந்ததும் வெறும் தண்ணீரில் மாத்திரை. அப்புறம் ஒரு மணி நேரம் வாயில் ஒன்றும் படக்கூடாது. அதை நீ விரதம்போலக் காத்தாய். டீ வாங்கி வந்த என்னை எத்தனை நாள் காலையில் உட்கார வைத்திருக்கிறாய்! “ஆறினா ஆறட்டும், இருடா” என்பாய்.

உன் பேத்தி ஷாலினிக்கும் அதே கோளாறு என்று தெரிந்தபோது, நீதான் பக்கத்தில் நின்று அவளை மாத்திரை போட வைத்தாய். பக்கத்து ஊர் ஓரிக்கையில் அவளைக் கட்டிக்கொடுத்த கையோடு நீ கண்ணை மூடிவிட்டாய். அவள் உண்டானதை நீ பார்க்கவில்லை.

உண்டானதும் வந்தது சோதனை. ரத்தத்தில் அளவு சரியில்லை என்று மாத்திரையைக் கூட்டினார்கள். மறுபடி பார்த்தால் முன்னைவிட மோசம். பிள்ளைக்கு மூளை வளர்கிற சமயம், தாயிடமிருந்துதான் அதற்கு இந்தச் சத்து போகவேண்டும், மாத்திரையைத் தூக்கிப் போடுகிறாயா என்று டாக்டர் சத்தம் போட்டாராம். அவள் புருஷனுக்கும் சந்தேகம். போனில் என்னிடம் அழுதாள். “சத்தியமா போட்டுக்கினுதான் இருக்கேன் தாத்தா. யாருமே நம்பமாட்றாங்க.” உன் வயிற்றிலேயே போன அந்த இரண்டும் என் கண்ணுக்குள் வந்து நின்றன.

அடுத்த முறை நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் மாமியார் விஜயாவும் வந்திருந்தாள். தங்கமான பொம்பளை, வாய் மட்டும் ஓயாது. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா என்று டாக்டர் ஆரம்பித்ததுமே விஜயா முன்னால் வந்துவிட்டாள்.

“அத எங்கிட்ட கேளுங்கம்மா. ஒருநாள் தவறல. கண்ணு முழிச்சதும் குங்குமப்பூ போட்டுப் பாலு காய்ச்சி, சத்து மாத்திர, சுண்ணாம்புச் சத்து மாத்திர, தைராய்டு மாத்திர எல்லாத்தையும் என் கையால குடுத்து முழுங்க வெக்கிறேன்!”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “எல்லாத்தையும் ஒண்ணாவா? பாலோடவா?”

பாலும் சத்து மாத்திரையும் சேர்ந்தால் தைராய்டு மாத்திரை உடம்பில் சரியாகச் சேராதாம். புள்ளத்தாச்சிக்கு மாமியார் ஆசையாகக் காய்ச்சித் தருகிற பால், எந்தப் பெண் வேண்டாம் என்பாள்? விஜயாவின் முகம் செத்துப்போயிற்று. “நானா அந்தப் புள்ளைக்குக் கெடுதல் பண்ணேன்?” என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பாலில் குற்றமில்லை, நேரத்தில்தான் என்று டாக்டர் தேற்றினார். காலையில் தைராய்டு மாத்திரையும் தண்ணீரும் மட்டும், பால் பிறகு, சத்து மாத்திரைகள் நாலு மணி நேரம் தள்ளி. ஷாலினி மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். நீ இருந்திருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பாய் இல்லையா?

அழுகை நின்றதும் விஜயா என்ன செய்தாள் தெரியுமா? “இந்தப் பெரியவருக்கும் பி.பி. பாருங்கம்மா” என்று என்னை மாட்டிவிட்டாள். எகிறிக் கிடந்தது. மாத்திரை போடுகிறீர்களா என்றார் நர்சம்மா. தலை சுத்தும்போது மட்டும் போடுவேன் என்றேன்.

“நல்லா இருக்குதே ஞாயம்! பேத்திக்குக் காவலு வந்துட்டாரு பாரு!” என்று விஜயா சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்புறம் எடுத்த ரத்தத்தில் அளவு சரியாகிவிட்டது. பிள்ளை பிறந்துவிட்டது அக்கா. பெண். குதிகாலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தைராய்டு சரியாக இருக்கிறதாம். குத்தினதற்கு அது போட்ட கூச்சலைக் கேட்கவேண்டுமே! நீ சண்டை போடுகிற மாதிரியே இருந்தது. எனக்குத்தான் எழுத்து தெரியாதே, நான் சொல்லச் சொல்ல ஷாலினிதான் எழுதுகிறாள். இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, “ஆயா அப்பிடியா கத்தும்?” என்று கேட்கிறாள்.

அவள் பார்த்ததெல்லாம் நரைத்த ஆயாவைத்தான். பாலாற்று ஊற்றுக்குக் குடத்தோடு ஓடினவளை, அப்பன் அடிக்க வந்தால் எங்களைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் நின்றவளை, அவளுக்கும் அந்தப் பிள்ளைக்கும் யார் சொல்வது? அதற்காகவாவது நான் இன்னும் கொஞ்ச காலம் இருக்கவேண்டும். இனி தலை சுத்தினாலும் சுத்தாவிட்டாலும் பி.பி. மாத்திரையை விடமாட்டேன். இது உனக்குத் தருகிற வாக்கு.

உன்னை அக்கா என்று கூப்பிட்டவர்களில் ஏழுமலை முதலில் போனான். சரோஜா போனாள். நீ போன பின்னால் சின்னவன் தேவனும் போய்விட்டான். மிச்சம் இருப்பது,

உன் தம்பி முனியன்.