அத்தை அறைச் சுவர்

நவம்பர் 10, திங்கள்
விடியலிலிருந்து மழை. சிதம்பரத்துக்கு நின்றபடியே பஸ். லேப் வகுப்பு எடுத்தேன்: வோல்டேஜ், கரண்ட், ரெசிஸ்டன்ஸ். பாதிப் பேர் வரவில்லை. முதுநகர் வந்து சேரும்போது புடவையெல்லாம் ஈரம்.

அத்தை அறையில் பல்ப் மங்கலாக எரிகிறது. சுவிட்ச் ஆஃப். எல்.இ.டி.க்குத் துளிக் கரண்ட் கசிந்தாலே போதும் என்று செல்வியிடம் சொன்னேன். இவருடைய தங்கை. அத்தையின் காரியம் முடிந்தும் கம்மாபுரம் திரும்பவில்லை.

"அம்மா இருக்குறாங்க அண்ணி. அவுங்களுக்கு இருட்டு ஆவாது."

மாவு புளித்துவிட்டது.

11, செவ்வாய்
மழை விடவில்லை. கட்டிலை ஒட்டிய சுவரில் உள்ளங்கையை வைத்து உட்கார்ந்திருந்தாள் செல்வி. கண் மூடி.

"வச்சிப் பாருங்க அண்ணி. அம்மா கை நடுங்குமே, அப்படியே இருக்குது."

வைத்தேன். மெலிதாக ஒரு நடுக்கம். அத்தையின் கை கடைசியில் இப்படித்தான். சட்டென்று எடுத்துவிட்டேன்.

"சுவத்துல கரண்ட் கசியுது செல்வி. தொடாத."

தலையாட்டினாள். எலக்ட்ரீசியனுக்கு போன், மழை நிற்கட்டுமாம். மெயினை இறக்கிவிடலாம் என்றேன். ஃபிரிட்ஜ், மோட்டார் என்கிறார் இவர். அறைக் கதவைச் சாத்தி வைத்தேன்.

12, புதன்
லேபிலிருந்து மீட்டர். ஒரு முனை சுவரில், மறுமுனை தரையில். முள் எகிறியது. கம்பியில் வோல்டேஜ் என்றைக்கும் ஒன்றுதான். நேற்று காப்பாற்றியது காய்ந்த கையும் அரை ஈரச் சுவரும். அந்தத் தடை குறைந்தால் கரண்ட் ஏறும். இன்று சுவர் முழுக்க ஊறியிருக்கிறது.

நிமிர்ந்தால் செல்வி. தலைக்குக் குளித்து, கையில் நீர் சொட்ட, வெறுங்காலோடு. பார்வை சுவர் மேல்.

"நேத்தவிட ஜாஸ்தியா கூப்புடுறாங்க அண்ணி."

அவளைக் கூடத்துக்குத் தள்ளிவிட்டு மெயினுக்கு ஓடினேன். இறக்கினேன். திரும்பி வந்தால் அவள் கை சுவரில். மீட்டரில் பூஜ்யம்.

"போயிட்டாங்க" என்றாள்.

மீட்டரை எடுத்துப் பையில் வைத்தேன்.

14, வெள்ளி
வெயில். எலக்ட்ரீசியன் சுவரைக் கொத்திக் காட்டினார். ஒயரின் மேலுறை கருகி, உள்ளே கம்பி தெரிந்தது.

"ஈரக் கைய வச்சிருந்தா அவ்ளோதான் மேடம்."

புது ஒயர். பல்ப் ஒழுங்காக அணைகிறது.

15, சனி
செல்வி கிளம்பினாள். "அம்மாவ அனுப்பி வச்சிட்டீங்க." கோபமில்லை, சும்மா சொன்னாள். பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். இவர் இன்னும் வரவில்லை. துணி மடிக்க வேண்டும்.

குழாயில் கையை நன்றாக நனைத்துக்கொண்டு அந்த அறைக்குப் போனேன். சுவரில் வைத்தேன். கை காயும் வரை வைத்திருந்தேன்.