நிறுத்தி நிறுத்திப் பார்த்த கதை

இன்று காலை ஒரு சின்ன அட்டைப் பெட்டியைப் பிரித்தேன். மூடியைத் தூக்கியதும் புதுச் செருப்புக் கடைக்குள் நுழைந்த மாதிரி ஒரு வாசம். உள்ளே சீப்பு அளவுக்கு ஒரு கறுப்புத் துண்டு, கூடவே கைக்குள் அடங்குகிற ரிமோட். டீவியின் பின்னால் செருகி, வீட்டு வைஃபையில் படமும் தொடரும் பார்க்கிற ஸ்டிக். கேபிளில் பாதிச் சானல் தெரியவில்லை என்று மகளிடம் புலம்பியிருந்தேன். அவள் வாங்கி அனுப்பிவிட்டாள்.

உனக்கு நான் ராஜபாளையத்தில் வாங்கித் தந்ததும் இதே மாதிரி ஒன்றுதான். அந்த வாசம் வந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. முதலில் உனக்கு எழுதிவிடுகிறேன், செருகுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நமக்குப் பழக்கம் மில்லில். நூல் சுற்றுகிற வைண்டிங் பிரிவில் உன் மிஷினும் என் மிஷினும் பக்கம் பக்கம். அந்த இரைச்சலில் காதுக்குள் வந்து கத்தினாலும் கேட்காது. அதனால் உதட்டைப் பார்த்தே பேசக் கற்றுக்கொண்டோம். மேஸ்திரியைத் திட்ட வேண்டுமென்றால் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் போதும். கல்யாணமாகி நான் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிட்டேன். நீ ரிடையர் ஆகிறவரை அந்த இரைச்சலிலேயே நின்றாய். மில்லை விட்டு வெளியே வந்தபோது உன் காதில் பாதி போயிருந்தது. மீதியும் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று.

காதில் மாட்டுகிற மிஷின் வாங்கித் தந்தார்கள். ஒரு வாரம் போட்டுவிட்டு டப்பாவில் வைத்துவிட்டாய். "எல்லாச் சத்தமும் ஒண்ணாச் சேந்து வருதுட்டி. திரும்பவும் மில்லுக்குப் போன மாதிரி இருக்கு" என்றாய். எனக்கும் உனக்கும் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. போனில் முகம் பார்த்துப் பேசுகிற வசதி வந்த பிறகு, நான் இங்கே வாயசைப்பேன், நீ அங்கே படித்துக்கொள்வாய். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் என்ன, ரகசியம் பேசுறீகளா?" என்று கேட்பார்.

வீட்டில் மற்றவர்களோடுதான் உனக்குக் கஷ்டம். உன் மருமகள் செல்வி ஒருநாள் எனக்குப் போன் போட்டாள்.

"சித்தி, அத்தை டீவிய அம்புட்டுச் சத்தமா வைக்காக. பக்கத்து வீட்டுல இருந்து வந்து சொல்லுதாக. குறைச்சா அத்தைக்குக் கேக்கல. அதான் பழைய டீவிய அவிய ரூம்ல மாட்டிக் குடுத்தோம். ஆனா அதைப் போடவே மாட்டேங்காக. ஹாலுக்கும் வாரதில்ல. சாயங்காலம் ஆனா ரூமுக்குள்ள போயி உக்காந்துக்கிடுதாக. ஒரு மாசமாச்சு."

அவள் குரலில் குற்றம் இல்லை, கவலைதான் இருந்தது. எனக்கு உடனே வழி தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஹெட்செட் மாட்டிக் கேட்கிற மாதிரி ஒரு ஸ்டிக் வாங்கினால் ஆயிற்று. சத்தம் உன் காதுக்குள் மட்டும் வரும். யாருக்கும் தொந்தரவில்லை. மறுநாளே ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன். வன்னியம்பட்டி விலக்கு தாண்டியதிலிருந்து, கடையில் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன்.

உன்னையும் கூட்டிக்கொண்டு போன கடையில் விற்பனையாளர் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று பெரிய டீவிக்கு நல்ல தெளிவாகப் படம் காட்டும். "உங்க பழைய டீவிக்கு அது வீண்மா" என்று அவரே ஒதுக்கினார். இன்னொன்றில் ஹெட்செட் இணைக்க வழியில்லை. மூன்றாவதைக் காட்டி, "இதுல ரிமோட்டப் பாத்துப் பேசினாப் போதும். படத்துப் பேரச் சொன்னா அதுவே எடுத்துக் குடுக்கும்" என்றார்.

நீ அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். "நான் பேசுறது அதுக்குக் கேக்கும், சரி. அது பேசுறது எனக்குக் கேக்குமா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சிரித்துவிட்டு, அதில் ஹெட்செட் சேருமா, எழுத்தைப் பெரிதாக்க முடியுமா என்று விசாரித்தேன். இரண்டும் முடியும் என்றார். "எந்த ரூம்ல மாட்டப் போறீங்க?" என்று கேட்டார். "இவ ரூம்லதான்" என்று நான் சொன்னேன். நீ அப்போது வாசல் பக்கம் திரும்பித் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன்னை ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ஸ்டிக்கும் ஒரு ஹெட்செட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, உன் அறையில் மாட்டினோம். பழைய டீவிக்குப் பின்னால் செருகுகிற துளை ஒன்றே ஒன்றுதான். செட்டாப் பாக்ஸ் ஒயரை உருவிவிட்டு ஸ்டிக்கைச் செருகினேன். சுவர் இடித்தது. பெட்டிக்குள் ஒரு குட்டை ஒயர் கிடந்தது, அதை இடையில் போட்டதும் சரியாகப் பொருந்தியது. கரண்டை டீவியிலிருந்தே எடுத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். படம் வந்தது, போயிற்று, மறுபடியும் முதலிலிருந்து வந்தது. மூன்று தடவை இப்படி ஆன பிறகு, அதற்கென்று தந்த சார்ஜரைச் சுவரில் செருகினேன். அதன் பிறகு படம் போகாமல் நின்றது. வைஃபை கடவுச்சொல்லைச் செல்வி சொல்லச் சொல்ல, ரிமோட்டால் ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தி நகர்த்திப் போட்டேன். மொழி தமிழ். ஹெட்செட்டையும் சேர்த்தாயிற்று. உன் தலையில் மாட்டி, சத்தத்தை ஏற்றி, "கேக்கா?" என்று வாயசைத்தேன்.

"கேக்கு" என்றாய். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அதற்குப் பிறகு போனில் கேட்கும்போதெல்லாம் "பாக்கேன், பாக்கேன்" என்றாய். மூன்று வாரம் கழித்துச் சொல்லாமல் கொள்ளாமல் வந்தேன். ஸ்டிக்கின் சார்ஜர் சுவரிலிருந்து உருவிச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. ஹெட்செட் பெட்டி பீரோவுக்குள், மடித்த சேலைக்கு அடியில் கிடந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்பம் எதுக்கு எங்கிட்டப் பாக்கேன் பாக்கேன்னு சொன்ன? பிடிக்கலைன்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

நீ எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாய். உன் குரல் எவ்வளவு உயர்கிறது என்று உனக்குத் தெரியாது என்பதால், குரலே இல்லாமல் உதட்டால் மட்டும் பேசினாய்.

"நல்ல பொருள்தான்ட்டி. நான் இல்லேங்கல. ஆனா அதை மாட்டிக்கிட்டா இந்த ரூமவிட்டு நான் வெளிய வர வேண்டிய சோலியே இல்லாமப் போயிரும்."

"நீதான ஹாலுக்குப் போகவே மாட்டேங்க?"

அப்போதுதான் சொன்னாய். ஹாலில் எல்லோரும் தொடர் பார்க்கும்போது உனக்குப் பேச்சு கேட்காது. பாதித் தொடர்கள் வேறு பாஷையில் எடுத்துத் தமிழில் பேசவைத்தவை. அதில் உதடு ஒன்று சொல்லும், கதை வேறொன்று சொல்லும். அதனால் நீ டீவியை விட்டுவிட்டு மற்றவர் முகத்தைப் பார்ப்பாய். அவர்கள் சிரித்தால் நீயும் சிரிப்பாய். ஒருநாள் செல்வி வீட்டார் வந்திருந்தார்கள். எல்லோரும் சிரிக்க, நீயும் சிரித்தாய். உன் மகன் முருகன் விளையாட்டாக உன் பக்கம் திரும்பி, "எம்மா, எதுக்குச் சிரிக்க? சொல்லு பாப்போம்" என்று கேட்டான். உனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள்.

"அவன் வேணும்னு கேக்கல. எனக்குத் தெரியும். ஆனா அன்னைக்கு அம்புட்டுப் பேருக்கு முன்னால எனக்கு எங்கயாவது போயிறலாம் போல இருந்துச்சு" என்றாய். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். "அவன்ட்ட இதைச் சொல்லிறாத. செத்தாலும் சொல்லாத. மனசு ஒடிஞ்சு போவான்."

சொல்ல மாட்டேன் என்றேன். கடையில் உன்னைக் கேட்காமல் "இவ ரூம்லதான்" என்று நான் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. உன் வீட்டார் தெரியாமல் உன்னை அறைக்குள் ஒதுக்கியிருந்தார்கள். நான் போய் அந்த அறைக்கு வசதி செய்து கொடுத்திருக்கிறேன்.

சாயங்காலம் முருகன் வேலை முடிந்து வந்ததும், "உங்க அம்மா ரூம்ல வைஃபை சரியா எடுக்கல தம்பி. ஹால்ல மாட்டிப் பாப்பமா?" என்றேன். இடையில் இரண்டு சுவர் இருந்ததால் அவன் நம்பிவிட்டான். அவனே ஸ்டூல் போட்டு ஏறி, பெரிய டீவியின் பின்னால் ஸ்டிக்கை மாட்டினான். ஹெட்செட்டை உன் தலையில் வைத்தோம். உடனே ஹாலில் சத்தம் நின்றுபோயிற்று.

"சித்தி, இப்பம் எங்களுக்குக் கேக்கல" என்றாள் செல்வி.

சத்தம் உன் காதுக்குள் மட்டும் போனால் ஹாலில் மற்றவர்களுக்கு டீவி ஊமையாகிவிடும் என்று நான் யோசிக்கவே இல்லை. நீதான் முதலில் சிரித்தாய். "ஒருநாளாவது தெரியட்டும், எனக்கு எப்படி இருக்கும்னு" என்று ஹெட்செட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தாய்.

அதன் பிறகுதான் எழுத்துக்குப் போனோம். பேச்சைத் தமிழிலேயே கீழே எழுதிக் காட்டுகிற தொடர்கள் அதிகம் இல்லை. தேடித் தேடி ஒன்றைப் பிடித்தேன். மெஸ் நடத்துகிற அண்ணன் தம்பிகளின் கதை. எழுத்தை இருப்பதிலேயே பெரிதாக வைத்தேன்.

"பாதிப் படத்தை எழுத்தே மறைச்சிருதே சித்தி" என்றான் முருகன்.

"செத்த நேரம் பாப்போம், இருங்க" என்றாள் செல்வி.

நீ அஞ்சாம் வகுப்போடு நிறுத்தியவள். உதடு அசைய ஒவ்வொரு சொல்லாகப் படித்தாய். நீ பாதி வரியில் இருக்கும்போதே அடுத்த வரி வந்துவிட்டது. உன் முகம் வாடுவதைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது. எழுந்து அறைக்குப் போய்விடுவாய் என்றே நினைத்தேன். நீயோ என் கையிலிருந்த ரிமோட்டை வாங்கினாய். நிறுத்துகிற பொத்தான் எது என்று கேட்டாய். காட்டினேன். அழுத்தினாய். பேச வாய் திறந்த அண்ணன்காரன் அப்படியே நின்றான். நீ கடைசி எழுத்துவரை படித்து முடித்துவிட்டு மறுபடியும் அழுத்தினாய்.

கேபிளில் இது நடக்காது. அத்தனை ஆசையாகப் பெட்டிகளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த நான், இந்த ஒரு பொத்தானை நினைத்தே பார்க்கவில்லை.

நாலைந்து தடவை நிறுத்தியதும் முருகன், "எம்மா, இப்பிடி நிறுத்தி நிறுத்திப் பாத்தா எப்பம் முடியும்?" என்றான்.

"முடியும்போது முடியட்டும். இப்பம் என்ன, பஸ்ஸா போயிரப்போகு?"

அரை மணி நேரக் கதை ஒரு மணி நேரம் ஓடியது. கடைசியில் ஒரு காட்சி. தம்பி, கல்லாவில் இருக்கும் அண்ணனிடம் ஏதோ சொல்ல வருகிறான். வரி திரையில் வந்தது, அவன் இன்னும் வாயைத் திறக்கவில்லை. நீ சட்டென்று நிறுத்திப் படித்தாய், படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். மற்ற யாருக்கும் எதுவும் புரியவில்லை. முருகன் உன் பக்கம் திரும்பி, "எதுக்கும்மா சிரிக்க?" என்று கேட்டான்.

அதே கேள்வி. அவனுக்கு அது தெரியாது.

நீ அவனைப் பார்த்தாய். "பொறு. இப்பம் சொல்லுவான் பாரு" என்று பொத்தானை அழுத்தினாய். தம்பி சொன்னான். முருகன் சிரித்தான், செல்வி சிரித்தாள். நீ அவர்களுக்கு முன்பே சிரித்து முடித்துவிட்டு, அவர்கள் சிரிப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

அதன் பிறகு எட்டு ஒன்பது மாதம் தினமும் ஹாலில்தான் இருந்தாய். நீ மறந்து நிறுத்தாமல் விட்டால், "அத்தை, படிச்சாச்சா?" என்று செல்வியே கேட்டு நிறுத்துவாளாம். உன் படிக்கிற வேகம்கூடக் கூடிவிட்டது என்று பெருமையாகச் சொன்னாய். பிறகு ஒரு மத்தியானம், சாப்பிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. நான் வந்து சேர்ந்தபோது உன்னைக் குளிப்பாட்டிப் படுக்கவைத்திருந்தார்கள். நான் உன் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். வேறெங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பதினாறாம் நாள் எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு முருகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டான். பிறகு கேட்டான். "சித்தி, முன்னால ஒரு மாசத்துக்கு மேல அம்மா ஹாலுக்கே வராம ரூமுக்குள்ளயே கிடந்தாளே. நாங்க யாரும் ஏதும் சொல்லிட்டமா? உங்ககிட்டச் சொல்லாம இருந்திருக்க மாட்டா."

அவன் கண்ணைப் பார்த்தேன். உன்னுடைய அதே கண். என்ன கேட்டாலும் தாங்கிக்கொள்வான் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சொல்லிவிட்டால் என் பாரம் இறங்கும், அவன் தலையில் ஏறும்.

"கதை புரியலைன்னு வரலப்பா. புரிஞ்சதும் வந்துட்டா" என்றேன்.

அவன் தலையாட்டினான். கொஞ்ச நேரத்தில் அழ ஆரம்பித்தான். பதினாறு நாளில் அவன் அழுது நான் பார்த்தது அன்றுதான். முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே பக்கத்தில் இருந்தேன்.

நான் சொன்னது பொய் இல்லை. முழுசும் இல்லை. மீதியை நான் வைத்திருக்கிறேன். இனி இதைக் கேட்பதற்கு யாரும் இல்லை. கேட்டாலும் சொல்ல மாட்டேன்.