காடிஸில் நீ பாதியில் விட்டுப்போன குளிர்காலம்

இன்று காலை லண்டன் ஸ்ட்ரெதம் கடைத்தெருவில், மரக்கறிக் கடை வாசலில் தோடம்பழப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஜாம் காய்ச்சுவதற்கென்று தை மாதத்தில் மட்டும் ஸ்பெயினிலிருந்து வருகிற, தோல் தடித்த கசப்பு ஆரஞ்சு. ஒன்று கீழே விழுந்தது. யாரோ அதை மிதித்துவிட்டுப் போனார்கள். அந்த வாசனை குளிர்காற்றில் எழும்பியதும், என்ன வாங்க வந்தேன் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

ஸ்பெயினில், காடிஸ் நகரத்தின் சதுக்கங்களில் எல்லாம் அந்த மரம் நின்றது. போய் இறங்கிய அன்றே நீ ஒரு பழத்தைப் பொறுக்கிக் கடித்தாய். உன் முகம் போன கோலத்தைப் பார்த்து, பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்த கிழவர் கைதட்டிச் சிரித்தார். “எடியே, இவ்வளவு வடிவான பழத்துக்குள்ள இவ்வளவு கைப்போ!” என்று துப்பித் துப்பி நீயும் சிரித்தாய்.

அறுபது வயது தாண்டிய பிறகு நாம் இருவரும் சேர்ந்து போன ஒரே பயணம் அது. யாழ்ப்பாணத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் நீ சரித்திரமும் நான் கணக்கும் படிப்பித்தோம். லண்டனுக்கு வந்த பிறகு எனக்கு ஓர் அலுவலக வேலை கிடைத்தது. உனக்குக் கிடைத்தது பிளேஸ்டோவில் மகளின் வீடு. பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு விட வேண்டும், கூட்டிவர வேண்டும், சமைக்க வேண்டும். உன் கணவர் காலமான பிறகு ஞாயிற்றுக்கிழமையும் உன் கையை விட்டுப் போனது. “ஒரு மாதம் என்னை விடு பிள்ளை எண்டு கேட்டனான்,” என்று நீ டெலிபோனில் சொன்னபோது, உன் குரலில் வெட்கம் இருந்தது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. மகளிடம் லீவு கேட்கும் தாயை நான் அதற்கு முன் கண்டதில்லை.

ஆனால் அந்த ஊரில் நீ வேறு ஆளாக இருந்தாய். எந்த ஒழுங்கையால் நடந்தாலும் கடைசியில் கடல் வந்தது. வணிகர்கள் தங்கள் கப்பல் வருகிறதா என்று பார்க்கக் கட்டிய கோபுரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து, இரண்டு முறை ஆட்களோடு மோதினாய். சந்தையில் மெல்லிசாகப் பொரித்த இறால் பண்டத்தைக் கடித்துவிட்டு, “இது எங்கடை வடையின்ரை ஒன்றுவிட்ட தங்கச்சி,” என்றாய். ரோமர் காலத்து அரங்கத்தின் கற்படியில் வெகுநேரம் இருந்தாய். வீடுகளுக்கு அடியில் புதைந்து கிடந்து, நம் காலத்தில்தான் தோண்டி எடுக்கப்பட்ட அரங்கம் அது.

“பார், மேல ஆக்கள் சமைச்சுச் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கினம். கீழ இவ்வளவும் கிடந்திருக்கு. ஒருத்தருக்கும் தெரியேல்லை.”

பள்ளிக்கூடத்துக் குரல் அது. பல வருடங்களுக்குப் பிறகு கேட்டேன்.

மறுநாள் கடற்கரையிலிருந்து பழைய கோட்டைக்குப் போகிற கல்பாதையில் ஓர் அலை எழும்பி உன்னை முழுதாக நனைத்தது. சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, தலைமயிர் அவிழ்ந்து பறக்க, வாய் திறந்து சிரித்தாய். நான் படம் எடுத்தேன். “நான் இனி லண்டனுக்கு வரமாட்டன், நீ தனியப் போ!” என்று காற்றுக்கு மேலாகக் கத்தினாய்.

இரண்டாவது கிழமை மகள் டெலிபோன் எடுத்தாள். பிள்ளைகளைப் பார்க்க ஒழுங்கு செய்திருந்த பெண் வேலையை விட்டு நின்றுவிட்டாளாம். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

“அம்மா, நான் ஷிப்டை என்ன செய்யிறது? உங்களுக்கு ஹொலிடே முக்கியமோ?”

“இல்லைப் பிள்ளை. வாறன்.”

அவ்வளவுதான். யோசிக்கக்கூட இல்லை. பெட்டியை எடுத்து உடுப்புகளை அடுக்கத் தொடங்கினாய்.

“அவள் வேற ஆளைப் பிடிக்கட்டும். நீ போகாதை,” என்றேன்.

“பாவம், அவள் தனிய.”

“நீ?”

பெட்டியின் சிப்பை இழுத்து மூடினாய். ஸ்டேஷனில், “அடுத்த குளிருக்கு வருவம். அப்ப மிச்சத்தைப் பாப்பம்,” என்று மட்டும் சொன்னாய். அடுத்த குளிர் வந்தபோது பேரனுக்குப் பள்ளிக்கூடச் சோதனை என்றாய். அந்தக் குளிர் முடியுமுன், மகள் வீட்டுச் சமையலறையிலேயே விழுந்தாய். பிறகு எழும்பவில்லை.

செத்தவீட்டில் உன் மகள் அழுதுகொண்டே பேசினாள். அழுகை உண்மைதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால், “அம்மாவுக்கு வெளியில போறது விருப்பமே இல்லை. வீடுதான் அவவின்ரை உலகம்,” என்றாள். கூடியிருந்தவர்கள் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். நான் முன்வரிசையில் இருந்த கதிரையின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

முப்பத்தோராம் நாள் சடங்குக்கு நினைவுமலர் அடிக்க உன் படம் கேட்டாள். கல்பாதையில் எடுத்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கனநேரம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

“இது அம்மா மாதிரி இல்லையே அன்ரி. சாமியறையில நிக்கிற படம் ஒண்டு இருக்கு. அதைப் போடுறம்.”

“இதுதான் பிள்ளை உன்ரை அம்மா.”

“தெரியும் அன்ரி, ஆனா சனம் என்ன நினைக்கும்?”

அதற்குமேல் நான் அங்கே இருக்கவில்லை. தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தார்கள். குடிக்காமல் இறங்கி வந்தேன்.

அவளைக்கூட விட்டுவிடுகிறேன். நீ காட்டிய தாயைத்தானே அவள் கண்டாள்? எனக்குக் கோபம் உன்னோடு. “வாறன்” என்ற அந்த ஒரு சொல்லோடு. கேட்டவர்களுக்கெல்லாம் உன்னை எடுத்துக் கொடுத்தாய். உனக்கென்று இருந்த ஒரு மாதத்தையும் பாதியில் கொடுத்தாய். அதற்குப் பெயர் அன்பு என்று நினைவுமலரில் அடித்திருக்கிறார்கள்.

பொறுமைசாலி, தியாகி, நல்ல மனிசி என்று சொல்லிச் சொல்லி எல்லாரும் உன்னை மன்னித்துவிட்டார்கள். நான் மன்னிக்கவில்லை. நனைந்த உடுப்போடு காற்றில் நின்று கத்தியவளுக்காக, ஒருத்தியாவது உன்னோடு கோபமாக இருக்க வேண்டும்.