மட்டக்குதிரை தின்ற பாஸ்போர்ட்

ராஸ் அல் கைமா
20.12.94, செவ்வாய், அஸர் தொழுகைக்குப் பிறகு

என் தங்க மகள் ருமைஸாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் இங்கே உடம்புக்குச் சுகம், நீயும் உன் வயிற்றுப் பிள்ளையும், சிங்கப்பூரில் இருக்கும் மாப்பிள்ளையும், உன்னை வைத்துப் பார்க்கும் பெரியம்மாவும் நலமாயிருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். சுகம் என்றது உடம்புக்குத்தான், மனசைக் கேட்காதே. ஐந்து நாளாக எனக்குப் பேயறைந்த மாதிரி இருக்கிறது, உலையில் உப்புப் போட்டேனா இல்லையா என்றே தெரியவில்லை. தண்ணீர் டேங்கர் ஓட்டும் கௌஸ் முகைதீன் நானா நாளை லீவில் நாகூர் வருகிறார், அவர் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். போன் போட்டால் பக்கத்து வீட்டுக்குத்தான் போட வேண்டும், அவர்கள் கூப்பிட நிறைமாதக்காரி நீ ஓடி வர வேண்டும், அந்த வீட்டில் அத்தனை பேரும் காதை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து படி. பதறாதே, நான் வருவது நிச்சயம்.

இங்கே ஒரு வாரமாக வாடைக்காற்று, ஷமால் என்கிறார்கள் இவர்கள். கடல் பக்கமிருந்து மண்ணை வாரி வந்து எங்கள் மஸ்ராவில்தான் கொட்டுகிறது. பெரிய தோட்டம் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருப்பார்கள், ஐம்பது பேரீச்சை மரம், ஒரு கிணறு, மூன்று தகரக் கொட்டகை, அவ்வளவுதான். முதலாளி அர்பாப் வெள்ளிக்கிழமை பிள்ளைகளோடு வந்து குதிரை ஏற்றிவிட்டுப் போவார், மற்ற ஆறு நாளும் நாங்கள் இரண்டு பேரும் இந்த வாயில்லாப் பட்டாளமும்தான். மட்டக்குதிரை மூன்று, ஆடு பதினொன்று, ஒரு கூடு நிறையப் புறா, பூனை எத்தனை என்று பூனைகளுக்கே தெரியாது, அப்புறம் அர்பாபின் வேட்டை நாய். குளிர் வந்தால் நாய்க்குக் கம்பளி வாங்கி வருவார்கள், உன் வாப்பாவுக்கு அதே பழைய ஸ்வெட்டர். விடிந்ததும் வெந்நீர் வைத்துக் குதிரைகளின் கண்ணில் ஒட்டிய மண்ணைத் துடைப்பது என் வேலை, பார்லியும் தவிடும் பிசைந்து வைப்பது அவர் வேலை. மூன்றில் சின்னவன் சுக்கர் சரியான திருடன், உன் சின்ன வயதுப் புத்தி அப்படியே. துடைத்துக்கொண்டே நான் அவனோடு பேசிக்கொண்டிருப்பேன். இங்கே பேச வேறு யார் இருக்கிறார்கள்?

எங்கள் பாஸ்போர்ட் எல்லாம் அர்பாப் வீட்டு அலமாரியில்தான் இருக்கும் என்பது உனக்குத் தெரியும். போன வாரம் எனக்கு டிக்கெட் போட்டதும் அர்பாபின் வீட்டம்மா தானே கொண்டு வந்து, யல்லா ஹாலிதா, போய்ப் பேரப்பிள்ளையைப் பார் என்று என் கையில் வைத்தார். எட்டு வருடத்தில் லீவுக்கு வந்த நாள் போக அது என் கையில் இருந்ததே இல்லை. உனக்கு வாங்கிய துணிமணிக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். வியாழக்கிழமை காலை காற்று தீவனக் கொட்டகையின் தகரக் கதவைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் சுக்கர் உள்ளே நிற்கிறான், பார்லி மூட்டை கவிழ்ந்து கிடக்கிறது, அவன் வாயில் நீலமாக ஏதோ. பிடுங்கிப் பார்த்தேன். பாதி அட்டையில் சிங்க முத்திரை, உள்ளே என் முகத்தில் ஒரு கண்ணும் முக்காட்டு ஓரமும் மட்டும் மிச்சம். விசா அடித்த பக்கம் அவன் வயிற்றுக்குள். அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன் மகளே.

பூட்டிய பெட்டியில் இருந்தது பார்லி மூட்டைக்கு நடந்தா போகும்? சாவி இரண்டு, ஒன்று என் இடுப்பில், இன்னொன்று உன் வாப்பாவிடம். திரும்பிப் பார்த்தேன், மனிதர் வாசலில் நிற்கிறார், முகத்தில் ஈயாடவில்லை. ஹாலிதா, நான்தான் எடுத்து மூட்டைக்குள்ள வச்சேன் என்றார். திருட்டு நடந்திருந்தால்கூட நான் அப்படி அதிர்ந்திருக்க மாட்டேன். ஏன் செஞ்சீங்க என்று கத்தினேன். நீ சுக்கருகிட்ட சொன்னதக் கேட்டேன் என்றார்.

சுக்கரிடம் நான் சொன்னதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது. இந்த மண்ணும் காற்றும் போதும்டா, என் பேரப்பிள்ளையைக் கையில் வாங்கினால் இந்தப் பக்கமே திரும்பிப் பார்க்க மாட்டேன், ஒரு மாத லீவு என்று அவரிடம் சும்மா சொல்லியிருக்கிறேன், உனக்கு இனி யார் கண் துடைக்கிறார்களோ தெரியாது என்று சொல்லியிருந்தேன். வைக்கோலுக்குப் பின்னால் அவர் நின்றது எனக்குத் தெரியாது. உன்னைப் பன்னிரண்டு வயதில் பெரியம்மா வீட்டில் விட்டு வந்தேன், நீ பெரியவளானதைக் கடிதத்தில் படித்தேன், உன் கல்யாணத்துக்கு இருபது நாள் விருந்தாளி மாதிரி வந்து போனேன். இந்தப் பிரசவத்தையும் விட்டால் நான் என்ன உம்மா? அதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம், குதிரையிடம் சொன்னேன். அவரும் என்னிடம் கேட்டிருக்கலாம், பெட்டியைத் திறந்தார். ஒரு விமானம் தவறினால் என் மனசு மாறிவிடும் என்று நினைத்தாராம். இந்தக் காத்துல ஒண்டியா இருக்கப் பயமா இருக்கு என்றார், ஐம்பத்திரண்டு வயது ஆம்பிளை. நான் இரக்கப்படவில்லை, பொய் சொல்ல மாட்டேன். மூன்று நாள் ஆட்டுக்குத் தீனி வைத்தேன், நாய்க்கு வைத்தேன், அவருக்கும் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனேன்.

நேற்று நானா வண்டியில் துபாய்க்குப் போய், போலீஸில் எழுதி வாங்கிய தாளோடு நம் கான்சுலேட்டில் நின்றோம். காற்றில் பறந்துவிட்டது என்று சொல்வதாக நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அங்கே இருந்தவர் தமிழ் தெரிந்த ஆள், எப்படிம்மா தொலைந்தது என்றார். நான் வாய் திறப்பதற்குள் உன் வாப்பா முந்திக்கொண்டு, நான்தான் சார் ஒளிச்சு வச்சேன், குதிரை தின்னுருச்சு என்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள், ஒருத்தர் சிரித்தார், எனக்குப் பூமி பிளக்காதா என்றிருந்தது. அந்த அதிகாரி சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார், புது பாஸ்போர்ட் வாங்கி அதில் விசாவை மாற்றினால் போகலாம் வரலாம், ஆனால் இரண்டு மாதம் ஆகும். அவசரம் என்றால் அவுட்பாஸ் தாள் இருக்கிறது, இந்த வாரமே தரலாம், போவதற்கு மட்டும்தான் அது, திரும்பி வர வேண்டுமானால் புதிதாக விசா எடுக்க வேண்டும், கிடைத்தால் கிடைத்தது. எது வேணும்மா என்றார். எட்டு வருடமாக நான் கேட்ட வரம் மேஜைமேல் கிடக்கிறது ருமைஸா, என் வாய் திறக்கவில்லை. வாப்பாவைப் பார்த்து அதிர்ந்தவள் அப்போது என்னைப் பார்த்தே அதிர்ந்து போனேன். அவர்தான், அந்த ஒத்தத் தாளையே குடுங்க சார், புள்ள அங்க தனியா இருக்கு என்றார். போகக் கூடாது என்று எதை ஒளித்தாரோ, அதனாலேயே திரும்ப வழியில்லாமல் என்னை அனுப்புகிறார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார் மனிதர்.

வரும் செவ்வாய் 27ஆம் தேதி விமானம், மெட்ராஸில் இறங்கி மறுநாள் நாகூர் வந்துவிடுவேன். இன்று காலையிலிருந்து என் பின்னாலேயே சுற்றிக்கொண்டு, ஆணத்துக்கு எவ்வளவு புளி, அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நீ வந்துருவியா என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை, நீயும் கேட்காதே.

நான் வரும்வரை குடம் தூக்காதே, மல்லாந்து படுக்காதே, வலி எடுத்தால் பொய் வலி என்று பொறுத்துக்கொண்டிருக்காமல் பெரியம்மாவை எழுப்பு. அல்லாஹ் உனக்கு லேசான பிரசவத்தையும் நீண்ட ஆயுளையும் தருவானாக. வாப்பாவைத் திட்டி எழுதாதே, திட்ட வேண்டியதை எல்லாம் நானே திட்டித் தீர்த்துவிட்டேன். ஆனால் இனி வாரம் தவறாமல் அவருக்கு எழுது. இத்தனை வருடமும் உன் கடிதங்களை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டினேன், அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அதனால் நெருக்கி எழுதாமல், ஒவ்வொரு எழுத்தையும் பெரிதாகப் போட்டு எழுது மகளே.

உன் உம்மா,
சா. ஹாலிதா