கரையில் கட்டிய கயிறு குறித்துப் பூதன் மாவேளார்க்கு விடுத்த திருமுகம்

நலம் சிறக்க. மழை முறையே பெய்க. பெய்த நீர் கரைக்குள்ளேயே நிற்க.

ஆறுகள் கூடும் துறையில் அரியணை கொண்டு, மலை முதல் கடல் வரை குடைநிழல் பரப்பிய நீர்மலைநாட்டு மன்னர் செங்குடைப் பெருமானாரின் ஆணையால், அவர்தம் ஓலைநாயகம் ஆதன் கூத்தன் எழுதும் திருமுகம். கரைவழிநாட்டை வழிவழியாகக் காக்கும் குடியில் தோன்றியவரும், பெருந்தேவி ஏரியின் காவல் பூண்டவரும், அவ்வேரியின் நீந்துவார் பேரவைக்குத் தலைவராகி முதற்கயிறு அணிந்தவருமான பூதன் மாவேளார் காண்க. தங்கள் மாடங்களும் வயல்களும் நலமே விளங்குக என்று அரசர் வாழ்த்துகிறார். இவ்வாழ்த்தைச் சற்று நிதானமாகப் படித்துக்கொள்ளுக. இவ்வோலையில் வேறு வாழ்த்து இல்லை.

தாங்கள் அறிந்ததையே முதலில் எழுதுகிறேன். அறிந்தும் மறந்தவர்க்கு எழுதுவதுதானே என் பணி. ஏரியின் அடியில் தூம்பின் வாயை ஒரு கல் அடைத்து நிற்கிறது. வெள்ளம் மிகும்போது ஒருவர் மூழ்கிச் சென்று அக்கல்லைத் தூக்கினாலன்றி நீர் வெளியேறாது. வெளியேறாவிடில் கரை உடையும். கரை உடைந்தால் அதன் கீழுள்ள மதகடியூர் இராது. இதன் பொருட்டே பேரவை நிறுவப்பட்டது. இளையோர் நீருக்குள் தம் திறம் காட்ட நினைப்பர், வயது வந்தோர் வீடு திரும்ப நினைப்பர் என்று கருதியே, பிள்ளை பெற்றவர்க்கு மட்டும் அதில் இடம் தரப்பட்டது. அவர் அரையில் கட்டும் கயிறு ஓராண்டுக்கே செல்லும். ஆடி கழிந்ததும் பழங்கயிற்றை அவிழ்த்து வைத்து, தூம்பின் வாய் வரை மூழ்கி, அங்குள்ள கருஞ்சேற்றில் ஒரு பிடி அள்ளிவந்து காட்டுகிறவர்க்கே புதுக்கயிறு. தலைவர் முதலில் இறங்க வேண்டும்; அவர் இறங்காமல் வேறு எவரும் இறங்கலாகாது. இம்முறையில் அரண்மனை கை வைப்பதில்லை என்று ஏரி வெட்டிய நாளில் இந்நாட்டு மன்னர் வாக்களித்தார். அவ்வாக்கு இன்றும் நிற்கிறது; தலைவரை நீக்கவும் அரசர்க்கு உரிமை இல்லை.

தாங்கள் தலைமை ஏற்ற பின் கரையில் பந்தல் எழுந்தது. பறை முழங்க, வெள்ளிக் குடங்களில் ஏரிநீரை முகந்து உறுப்பினர் தலையில் வார்த்தார்கள். கூடையில் கொண்டுவந்த சேற்றை ஆளுக்கொரு பிடி வாங்கி, தந்தவரிடமே காட்டி, அனைவரும் புதுக்கயிறு கட்டிக்கொண்டார்கள். நீர் குளிர்ந்திருந்தமையால் தங்களுக்கு மட்டும் அதைக் காய்ச்சி வார்த்ததாகவும் கேள்விப்பட்டேன். பிறகு விருந்து. பலாக்கறி வெகு சிறப்பு என்று, பார்வையிட வந்த அரண்மனை அலுவலர் எழுதி அனுப்பினார். வேறெதையும் அவர் எழுதவில்லை. அவர் இப்போது அலுவலில் இல்லை.

இவ்வாறு ஆண்டுகள் கழிந்தன. இவ்வாண்டு மலைப்பக்கம் முன்னதாகவே மழை பிடித்து ஏரி நிரம்பியது. தூம்பைத் திறக்கப் பேரவை கூடியபோது, கயிறு கட்டியவர் அனைவரும் கரையில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தங்களுக்கு அன்று தலைவலி. பொறுக்கமாட்டாமல் நெசவாளன் தத்தன் காரி, முறையை மீறி, தலைவர்க்கு முன்னே இறங்கினான். கல்லையும் தூக்கவில்லை, உயிரோடு மேலே வரவுமில்லை. உடல் மிதந்து கரை ஒதுங்கியதும், முறை தவறி இறங்கியவன் என்று சொல்லி, பேரவைக்குரிய ஈமச் சிறப்பை அவனுக்கு மறுத்தீர்களாம். இதைப் படித்துக் கேட்ட அரசர் மீண்டும் ஒருமுறை படிக்கச் சொன்னார். எனக்கோ படிக்க நாக் கூசியது.

அவன் மனைவி சேந்தி அவைக்கு வந்தாள். ஈரம் காயாத கயிற்றை அரியணைப் படியில் வைத்தாள். பொன்னும் நிலமும் தனக்கு வேண்டா என்றாள். தன் கணவன் முன்னாளில் எளிதாய் மூழ்கி மீள்வான் என்றும், கரையிலேயே கயிறு கட்டிய ஆண்டுகளில் அவன் மூச்சு குறைந்துபோனதை அவனும் அறியவில்லை, தானும் அறியவில்லை என்றும் கூறினாள். உன்னால் இன்னும் இயலுமா என்று ஆண்டுதோறும் ஏரி அவனைக் கேட்டு வந்தது. மாவேளார் அதைக் கேட்கவிடாமல் செய்தார். அதனால் தன்னால் இயலும் என்று நம்பியே அவன் போனான் என்றாள். அவள் அழவில்லை. அவையில் இருந்த நாங்கள்தாம் தலை குனிந்தோம்.

மேலும் ஒன்று சொன்னாள். மெய்யாகவே மூழ்க வல்லவர் சிலர் பேரவையில் இன்னும் உளர் என்றும், அவர்கள் முன்வந்தால் தலைவர் இறங்காதது வெளிப்படும், தலைவர் பகைத்தால் தம் வயலுக்கு வாய்க்கால் நீர் வாராது என்று அஞ்சி அவர்கள் வாய் திறவாதிருக்கிறார்கள் என்றும் கூறினாள். அவர்கள் பெயரைச் சொல்ல மறுத்துவிட்டாள். ஆகவே மதகடியூரின் உயிர், மாவேளாரே, தங்கள் அரையில் கட்டிய கயிற்றில் தொங்குகிறது.

கரையைக் கண்டுவர அனுப்பிய தச்சர்கள் திரும்பிவிட்டனர். கரையின் புறத்தே நண்டு வளைகளில் நீர் கசிகிறது. கசியும் நீர் கரைமண்ணை அரித்துக் கலங்கி வருகிறது. கீழ்வானம் கறுத்தே கிடக்கிறது. கடற்றுறையிலிருந்து முத்துக் குளிப்போரை அழைத்திருக்கிறோம். அவர்களுக்கு முன்னே மழை வந்துவிடும் என்றே எல்லாரும் சொல்கிறார்கள்.

ஆதலின் அரசர் ஆணை இது. இவ்வோலை கண்ட மறுநாட் காலையில் பேரவையார் அனைவரும் ஏரிக்கரையில் கூடுக. கரையில் கட்டிய கயிறு எதுவும் கயிறாகாது. தாங்கள் முன்னே இறங்கித் தூம்பின் வாயிலிருந்து சேறு கொண்டுவந்து, தலைமையைப் புதுப்பித்துக்கொள்ளுக. அது இயலாதெனில், ஊரார் காண, சேந்தி காண, தங்கள் கையாலேயே முதற்கயிற்றை அவிழ்த்து, எனக்கு நீந்தத் தெரியாது என்று எல்லார்க்கும் கேட்கச் சொல்லுக. கயிறு அவிழ்ந்ததும் தலைமை நீங்கும். மூழ்க வல்லவர் தம்முள் ஒருவரை முன்னிறுத்தி, அச்சமின்றி இறங்குவர்.

இரண்டாவதே தங்களுக்குக் கடினம் என்பதை அறிவேன். சொல்வதற்கு வெட்கப்பட்டு, முதலாவதைத் தேர்ந்து வீணே அமிழ்ந்து போகவும் தாங்கள் துணியக்கூடும். வேண்டா. இன்னொரு பிணத்தைக் கண்டால் இறங்க வல்லவரும் பின்வாங்குவர். வாயால் ஒரு சொல் சொன்னால் போதும். ஓர் ஊர் பிழைக்கும்.

உடல் நலமில்லை, நாள் நல்லதில்லை என்று தாங்கள் காலம் கடத்தவும் இடமுண்டு. அதற்கு இடமளிக்க அரசர் விரும்பவில்லை. இவ்வோலையைத் தாங்கள் கொலுமண்டபத்தில் அவிழ்த்துப் படிக்கும் இவ்வேளையில், தங்கள் தேவியாரையும் மக்களையும் சுமந்த பல்லக்குகள் புறவாயில் வழியே சென்றுவிட்டன. மதகடியூரில், தூம்புக்கு நேர்கீழே, தத்தன் காரியின் வீட்டுக்கு அடுத்த வீட்டில் அவர்கள் அரச விருந்தினராகத் தங்குவர். நல்லுணவு உண்டு, பணிப்பெண்டிர் உண்டு, வாயிலில் வாள்வீரர் உண்டு. நீர் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலிருந்தும் அவர்களுக்குக் காவல் உண்டு. தங்கள் இளைய மகளை நான் மடியில் இருத்திக் கொஞ்சியவன்; இதை எழுத என் கை ஒப்பவில்லை, ஆயினும் எழுதினேன்.

இது செங்குடைப் பெருமானார் திருவாய் மொழிந்தது, ஓலைநாயகம் எழுதியது, அரக்கிட்டு அரச முத்திரை பதித்தது. இதற்கு மறு ஓலை விடுக்க வேண்டா, தூது வேண்டா, காணிக்கையும் வேண்டா. தூம்பு திறந்து கீழ்க்கால்வாயில் நீர் ஓடுமாயின் அதையே தங்கள் விடையாகக் கொள்வோம். அது ஓடும் வரை தேவியாரும் மக்களும் அங்கேயே இருப்பர்.