றஸாக்கைப் பெற்றவள் எந்தக் குடி

கல்முனைக்குடி
12.08.2009

அன்பு மகள் நதீராவுக்கு, உம்மாவின் ஸலாம். றப்பின் கிருபையால் இங்கு எல்லோரும் நலம், நோர்வேக் குளிரில் நீயும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன்.

உன் காக்காவின் மூத்தது புலமைப்பரிசில் பாஸ். இளையது மீலாத் விழாவில் கிராஅத் ஓதி முதலாமிடம் எடுத்தது. ராத்தாவின் மகன் ஒலுவில் கம்பஸுக்கு எடுபட்டுவிட்டான், ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இப்படிப் பேரப்பிள்ளைகள். ஆனால் மகள், உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குப் பிடித்த திகைப்பு இன்னும் விடவில்லை. தாமரையும் அல்லியும் ஒரே குளத்தில் ஒரே மாதிரிப் பூத்தாலும் சொந்தமே இல்லையென்றும், மரபணுவுக்குள் இருக்கும் எழுத்துகளை வரிசையாக வாசித்து ஒப்பிட்டால் தாமரைக்குக் கிட்டின உறவு தரையில் நிற்கும் மரங்கள்தானென்றும் எழுதியிருந்தாய். சத்தமாக வாசித்தேன், மாமா சீனிமுகம்மது சிரித்தார். இலைப் பச்சைக்குள் இருக்கும் மரபணு அநேகமாகத் தாய் வழியாகத்தான் வருமென்ற இடத்தில், அட இது நம்மட குடி மாதிரியெல்லோ இரிக்கி என்றார். குசினிக்குள் நின்ற உன் தங்கச்சி சபூறா, அப்ப றஸாக்கப் பெத்த உம்மா எந்தக் குடி மாமா என்று கேட்டாள். மாமா தேத்தண்ணியைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

அந்த றஸாக் பொடியன் சபூறாவைப் பெண் கேட்டு வந்ததும், ஒரே குடி, காக்கா தங்கச்சி முறை என்று மரைக்காரான மாமாவே திருப்பி அனுப்பியதும் உனக்குத் தெரியும். அவன் வாப்பா இரண்டாம் கலியாணம் முடித்து நம் குடிப் பெண் வீட்டுக்கு வந்தபோது பால்குடி மறந்த பிள்ளையாக அவனையும் கொண்டு வந்தார். அவளை உம்மா என்றே கூப்பிட்டு வளர்ந்தான், சுனாமியில் கடல் அவர்கள் இருவரையும் கொண்டுபோன பிறகும் ஊர் அவனை அவள் பிள்ளையாகவே எண்ணியது. பெற்றவளை ஒருவரும் நினைக்கவில்லை மகள், குடிக்கு வழக்குத் தீர்க்கிற மாமாவும் நினைக்கவில்லை.

அடுத்த நாளே மாமா சம்மாந்துறைக்குப் போனார், சண்டை முடிந்ததால் வழியில் மறிப்பார் இல்லை. பெற்றவளின் தங்கச்சியைக் கண்டுபிடித்தார், அது வேறு குடி. திரும்பும் வழியில் அவரே றஸாக்கிடம் போய் உன் தாமரைக் கதையையும் சொன்னார். இந்த முற பூவப் பாத்து வந்தீங்களா மாமா, என்னப் பாத்து வந்தீங்களா என்று அவன் கேட்டானாம். மாமா அவன் கையைப் பிடித்தாராம். நான் சபூறாவிடம் சொன்னேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. இவ்வளவு நாளும் அவர காக்கா எண்டு நினைக்கச் சொன்னீங்க உம்மா, நான் ஒரு நாளும் நினைக்கல்ல என்றாள். துருவலையை வாங்கி மிச்சத் தேங்காயை நானே துருவினேன்.

நோன்புப் பெருநாளுக்குப் பிறகு நிக்காஹ். தொழுகையை விடாதே, பசித்தபடி ஆய்வுகூடத்தில் நிற்காதே. அல்லாஹ் உன் அறிவைப் பெருக்குவானாக. உன் படங்களெல்லாம் கடலோடு போய்விட்டன, சம்மாந்துறையிலிருக்கும் மாப்பிள்ளையின் சாச்சி, தன் ராத்தாவை நமக்கு நினைப்பூட்டிய உன் முகத்தைப் பார்க்க வேண்டுமாம். புதுப்படம் ஒன்று எடுத்து நிக்காஹ்வுக்கு முந்தித் தபாலில் போடு.

உன் உம்மா
அவ்வா உம்மா