வெடிப்பென்று சொன்னது நான்

மார்ச் 4

மாடி வீட்டுக்காரர் மறுபடியும் தொட்டியை வழிய விட்டுவிட்டார். படியெல்லாம் ஈரம். நில அதிர்வு நிலையத்துக்குத் தாமதமாகத்தான் போனேன்.

பிற்பகலில் எல்லைக்கு அப்பால், அண்டை நாட்டு மலைப்பக்கம் ஓர் அதிர்வு. நம் கருவிகள் மூன்றில் மட்டும் பதிவு. காற்று வேறு, கோடெல்லாம் கலங்கல். பதிவுகளைப் படித்துச் சொல்வது என் வேலை; வெளியுறவுச் செயலர் நேராக என்னையே அழைத்தார்.

"நாளைக்கு அவங்களோட பேச்சும்மா. இனி அணுகுண்டு சோதனையே கிடையாதுன்னு ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போடப்போறோம். இது நிலநடுக்கமா, வெடிப்பா? சுத்தி வளைக்காம சொல்லுங்க."

"வெடிப்பா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் சார். ஆனா..."

"வெடிப்புன்னு எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்கங்க."

அந்த 'ஆனா'வை ஏன் விழுங்கினேன்? அவ்வளவு பெரிய மனிதர் என் வாயைப் பார்த்துக் காத்திருந்தாரே, அந்தப் பெருமையா?

மார்ச் 5

பேச்சு முறிந்தது. "நம் விஞ்ஞானிகள் ஐயத்துக்கு இடமின்றி உறுதி செய்தனர்" என்கிறது செய்தி. விஞ்ஞானிகளாம். நான் ஒருத்திதான்.

அது சுரங்கம் இடிந்ததுதான் என்கிறது அண்டை நாடு. நிலையத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

மார்ச் 8

இரண்டு பக்கமும் ஏவுகணை வண்டிகளை எல்லைக்கு நகர்த்துகிறார்கள். எல்லையோரம் இருக்கும் அக்காவின் ஊரைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அத்தானுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ்.

"பஸ்ல ஏத்தறாங்கடி. அங்க எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியலை" என்றாள் அக்கா.

அத்தான் போனைப் பிடுங்கி, "அணுகுண்டுக்குப் பயந்து ஓடறவ இஸ்திரிப்பெட்டியை மூட்டை கட்டறா பாரு! கசங்காம சாகணுமாம்" என்று சிரித்தார்.

நானும் சிரித்து வைத்தேன். அந்த அதிர்வைப் பற்றி மூச்சு விடவில்லை.

மார்ச் 12

தூரத்து நாடுகளின் பதிவுகள் வந்துவிட்டன. குண்டு வெடித்தால் நிலம் வெளியே தள்ளப்படும். எங்கே பதிவானாலும் முதல் அசைவு மேல்நோக்கி இருக்கும். இதில் எல்லாமே கீழ்நோக்கி. திரும்பத் திரும்பப் பார்த்தேன். சுரங்கம்தான். அவர்கள் சொன்னது நிஜம். பாவி, என்ன காரியம் பண்ணிட்டேன்!

நிலைய இயக்குநரிடம் ஓடினேன். "இப்ப போய்த் தப்புன்னு சொன்னா நிலையத்தையே இழுத்து மூடிடுவாங்க. பேசாம இரு."

செயலரிடமே போனேன். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "உங்க ஒரு வார்த்தை மேல மந்திரி, தளபதின்னு எல்லாரும் ஏறி நின்னாச்சும்மா. இப்ப அதை உருவ நான் யாரு?"

மார்ச் 14

அத்தான் போய்விட்டார். முகாமில், பள்ளிக்கூட பெஞ்சில் படுத்தபடியே. முகாமுக்கு வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட டயாலிசிஸ் நடக்கவில்லையாம்.

மார்ச் 17

யாரையும் கேட்கவில்லை. நிருபர்களை நிலைய வாசலுக்கு வரவழைத்துப் பதிவுகளைக் காட்டினேன். "அது சுரங்கம் இடிந்தது. வெடிப்பென்று சொன்னது நான். உறுதியாகத் தெரியாமலேயே சொன்னேன்." அங்கே மண்ணுக்குள் போன தொழிலாளர்களின் படங்களை இரவுச் செய்தியில் காட்டினார்கள். டிவியை அணைக்கக்கூட எழுந்திருக்க முடியவில்லை.

மார்ச் 18

வேலையிலிருந்து இடைநீக்கம். வாசல் கதவில் யாரோ 'துரோகி' என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். துடைக்கவில்லை. எவனோ எதற்கோ எழுதினான், எனக்குப் பொருந்துகிறதே.

ஏப்ரல் 2

ஏவுகணைகள் திரும்புகின்றன. பேச்சு மீண்டும் தொடங்குமாம்.

ஏப்ரல் 5

முகாமுக்குப் போனேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"டிவியில பேசினது உன் தங்கச்சிதானேன்னு பக்கத்துக்காரி கேட்டா. இல்லை, ஜாடை அப்படின்னு சொல்லிட்டேன்."

மடிக்க ஒரு துணியை எடுத்தேன். பிடுங்கிக்கொண்டாள்.

"அன்னைக்கே தெரியலைன்னு சொல்லியிருந்தா, அவர் இருந்திருப்பாரா?"

ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். "இருந்திருப்பாருக்கா" என்றேன்.

மடித்த துணியையே உதறி மறுபடி மடித்தாள். "போயிடு" என்றாள்.

ஏப்ரல் 11

அக்கா போனை எடுப்பதில்லை.

ஏப்ரல் 23

ஒப்பந்தம் கையெழுத்தானது. தலைவர்கள் கைகுலுக்கியதைக் காட்டிக்கொண்டிருந்தபோது அக்காவே அழைத்தாள்.

"வீட்டுக்கு வந்துட்டேன். அவர் சாமானையெல்லாம் எடுத்து வைக்கணும். அலமாரியைத் திறந்தா தனியா நிக்க முடியலை. வா." அலமாரிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்கிட்டு வராதே."

"இல்லைக்கா" என்றேன்.

காலை பஸ்ஸில் போகிறேன்.